சட்டியில் ஊற்றிய தண்ணீரைக் கையில் ஊற்றியிருக்கலாம்

கொதிக்கும் எண்ணெயில் வெந்து எங்களிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாமவர். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை இரவில் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், தூங்கியிருப்பேன்.

இளைஞர். வீட்டில் பேக்கனை, அதாவது பதப்படுத்திய பன்றியிறைச்சி வில்லைகளை, டீப் ஃப்ரை செய்து பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். இரண்டு முன்கைகளும் வலது பாதத்தின் மேற்புறமும் வெந்திருந்தன. வெந்திருக்கும் என்று ஊகித்தேன் என்பதே சரி. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை பற்பசை அப்பியிருந்தது. காய்ந்துபோய், பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரி வெடித்து நின்றது. அறை முழுக்கப் புதினா வாடை. அடியில் காயம் எவ்வளவு ஆழம் என்று தெரிய அதைக் கழுவிச் சுரண்டி எடுக்க வேண்டும். வலி மருந்து கொடுத்த பிறகுதான் தொட்டோம். கொடுத்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"சுட்டதும் தண்ணி ஊத்தினீங்களா?"

"உடனே ஊத்தினேன் டாக்டர்."

பரவாயில்லை, ஒருவருக்காவது தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ஜக். சட்டி பத்திக்கிச்சுல்ல, அதுல."

"கையில?"

"கையில ஊத்தினா கொப்புளம் வந்துடும்ல?"

எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதை மறுபடி விளக்கப் போவதில்லை. என்னை எரிச்சலூட்டுவது அந்தக் கடைசி வரி. கொப்புளம் வந்துவிடுமாம்.

கொப்புளத்தை உண்டாக்குவது சூடு. சூடு பட்ட நொடியிலேயே மேல்தோலுக்கும் அதன் அடுத்த அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. அடிபட்ட நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து அந்த இடைவெளியில் சேர்கிறது. கொப்புளத்துக்குள் இருப்பது உங்கள் உடம்பின் நீர், குழாயிலிருந்து வந்தது அல்ல. நீங்கள் தண்ணீர் ஊற்றினாலும் வரும், ஊற்றாவிட்டாலும் வரும். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அது மேலெழும்புவதைப் பார்த்துத்தான் யாரோ ஒரு காலத்தில் பழியைத் தண்ணீர்மேல் போட்டிருக்க வேண்டும். இன்றுவரை பாவம் அது சுமக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொப்புளம் வராததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. "பேஸ்ட் போட்டதும் அடங்கிடுச்சு, வலியும் இல்ல." எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த வாக்கியம்தான். தோலின் முழு ஆழமும் வெந்துபோனால் வலியை உணர நரம்பு மிச்சம் இருக்காது. தோல் வெளிறியோ பழுப்பாகவோ, பதப்படுத்திய தோல் மாதிரி விறைப்பாகவோ கிடக்கும். கத்திக்கொண்டு வருகிறவரைவிட அமைதியாக வருகிறவரை நாங்கள் முதலில் கவனிப்பது அதனால்தான்.

எண்ணெயைத் துடைத்துவிட்டால் சூடு போய்விடுவதில்லை. அது தோலுக்குள் இறங்கி, உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே இழுக்கத்தான் ஓடும் குழாய்நீர். 20 நிமிடம். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு "காட்டினேன் டாக்டர்" என்று சொல்லாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் மறந்துவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். வெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். இவற்றில் எதையும் நான் காயத்தின் மேல் பார்க்காமல் இல்லை. விரல் வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், பிறகு நாங்கள் வெட்டித்தான் எடுப்போம். சுட்ட இடத்தைத் தவிர மற்ற உடம்பு குளிராமல் போர்த்திக்கொள்ளுங்கள், குழந்தைகள் என்றால் கூடுதல் கவனம். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பிறகு சுத்தமான கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) தளர்வாக மேலே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சின்னதாகத் தெரிந்தாலும் வந்துவிடுங்கள்.

சரி, பேக்கன். பொரிக்கிற பண்டங்களில் இதைப் போல ஏமாற்றுக்காரனை நான் பார்த்ததில்லை. கொழுப்புப் பண்டம்தானே, எண்ணெய்க்கு உறவு என்று நினைக்கிறோம். உண்மையில் பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சியை உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தியது அது. பாக்கெட்டில் விற்பதில் நிறைய, உப்புநீரை ஊசியால் உள்ளே ஏற்றித் தயாரானவை. ஈரத்தை மெல்லிய வில்லைகளாகச் சீவி அடுக்கிவைத்த மாதிரி. 180 டிகிரி எண்ணெயில் அதைக் கொத்தாகப் போட்டால், 100 டிகிரியில் ஆவியாகும் தண்ணீர் என்ன செய்யும்? ஏறக்குறைய 1,700 மடங்கு பெருத்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பனித்துகளோடு போட்டால் இன்னும் மோசம்.

இதோடு விடுவதில்லை. பேக்கன் பொரியப் பொரியத் தன் கொழுப்பையும் உருக்கிவிடுகிறது. பாதிச் சட்டி ஊற்றினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, மூன்றாவது தடவை போடும்போது மட்டம் ஏறியிருக்கும். உதிர்ந்த துணுக்குகள் கருகி நுரை கட்டும். அந்த நுரை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்த கணத்தில்தான் நம் இளைஞரின் சட்டி பற்றியது. அவர் ஊற்றிய தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாக வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் கைகளுக்கு வந்தது.

மற்ற இருவரில் ஒருவருக்குத் தீயே பிடிக்கவில்லை. சமையல் முடிந்து, மிச்ச எண்ணெயைச் சட்டியோடு சிங்க்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். எங்களுக்கு இது கேட்காமலேயே தெரியும், காயம் தானே சொல்லிவிடும். முன்கையில் பொட்டுப்பொட்டாக இருந்தால் தெறித்தது. தொடையின் முன்புறமும் பாதத்தின் மேலும் பட்டையாக வெந்திருந்தால் தூக்கிக்கொண்டு நடந்தது. குழந்தைக்கு முகம், கழுத்து, தோள், மார்பு என்றால் மேலே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. அந்த இருவரில் மற்றவர் இந்த வகை. அதைப் பற்றி இன்று எழுத எனக்குத் தெம்பில்லை. கைப்பிடியை உள்பக்கம் திருப்பிவையுங்கள். அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் குழந்தையை விடாதீர்கள். தயவுசெய்து.

எனக்குச் சமையல் சொல்லித்தரும் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: தன் கொழுப்பிலேயே மொறுமொறுப்பாக வேகும் பண்டத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் எதற்கு? சூடாகாத தட்டைச் சட்டியில் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். அல்லது 200 டிகிரி ஓவனில் ட்ரேயில் 15 முதல் 20 நிமிடம்.

இல்லை, பொரித்தே தீருவேன் என்றால், ஆழமான கனத்த சட்டியை எடுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். பேக்கனை ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். இரண்டு மூன்று வில்லைகளாக, நீண்ட இடுக்கியால், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக இறக்குங்கள். பயந்துபோய் உயரத்திலிருந்து வீசாதீர்கள், தெறிப்பது அதில்தான். வெப்பமானி வாங்குங்கள், எங்கள் டிரெஸ்ஸிங்கைவிட மலிவு. 190-ஐத் தாண்டவிட வேண்டாம். எண்ணெய் புகைந்தால் அது எச்சரிக்கை, உடனே அணையுங்கள். சட்டை போடுங்கள், செருப்பு அல்ல, மூடிய ஷூ. போன் வந்தால் வரட்டும்.

சட்டிக்குப் பொருந்தும் உலோக மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப் பற்றிக்கொண்டால், கைக்கு எட்டுமானால் அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். அணைந்ததா என்று திறந்து பார்க்காதீர்கள், காற்று உள்ளே போனால் தீ மறுபடி பிடிக்கும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே எஃப் அல்லது கே வகை அணைப்பான் உண்டு. வேறு வகையைக் கிட்டத்திலிருந்து அடித்தால் எரியும் எண்ணெயே சிதறும். கைமீறினால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். சமையலறை போனால் போகட்டும்.

இளைஞருக்கு இடது முன்கையில் கிராஃப்ட் வைத்தோம், தொடையிலிருந்து தோல் எடுத்து. வெந்த கையைவிடத் தோல் எடுத்த தொடைதான் வலிக்கிறது என்கிறார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இனிப் பல மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிரஷர் கார்மெண்ட் என்கிற இறுக்கமான அழுத்த உடையைப் போட வேண்டும். அதைச் சொல்லிமுடித்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏர் ஃப்ரையர்ல செய்யலாமா டாக்டர்?"

செய்யலாம் என்றேன். அடித்தட்டில் தேங்கும் கொழுப்பு ஆறிய பிறகுதான் அதை வெளியே எடுக்கணும் என்று பக்கத்திலிருந்த அம்மாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினேன்.