லினக்ஸுக்கு எத்தனை பார்ட்டிஷன், எங்கே கோடு போடுவது?

லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது பலரும் கையைப் பிசைந்து நிற்கிற இடம், டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் திரைதான். தருமபுரி செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் அங்கேதான் நின்றாள். சிஸ்டமும் புரோகிராம்களும் இருக்கும் பார்ட்டிஷன் ரூட், நம் சொந்த ஃபைல்கள் இருப்பது ஹோம். "சித்தப்பா, ரூட்டுக்கு எவ்வளவு, ஹோமுக்கு எவ்வளவு? பின்னாடி பத்தலைன்னா மாத்திக்கலாம் இல்ல?"

மாற்றலாம். ஆனால் எந்தப் பக்கம் மாற்றுகிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

டிஸ்க் முழுக்க வரிசையாக எண்ணிடப்பட்ட செக்டார்கள், அதாவது சிறு சிறு கட்டங்கள். பார்ட்டிஷன் டேபிளில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பதிவாகியிருக்கும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம், எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கைப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்தே எண்ணி வைக்கிறது. அதனால் பார்ட்டிஷனின் முடிவை ஒட்டிக் காலியிடம் இருந்தால் அந்தப் பக்கம் நீட்டுவது சில நொடி வேலை. பழைய கணக்கு அப்படியே செல்லும். தொடக்கத்தை நகர்த்தினாலோ கணக்கு மொத்தமும் தப்பிவிடும். அத்தனை டேட்டாவையும் இடம் மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும். நேரம் பிடிக்கும், நடுவில் மெஷின் அணைந்தால் டேட்டா போச்சு.

சரி, இப்போது அவளுடைய லேப்டாப்புக்கு வருவோம். 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 476 என்று காட்டுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்து, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெகவரி கீயைக் குறித்துவைத்து, விண்டோஸை முழுசாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தோம். அப்புறம் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 150 ஜிபி விடுவித்தோம்.

அதில் முதலில் ரூட் 60, அதையடுத்து ஹோம் 90. ரூட்டுக்குப் பின்னால் ஹோம் உட்கார்ந்துவிட்டால் ரூட்டால் அந்தப் பக்கம் வளர முடியாது. ஃபிளாட்பேக், டாக்கர் வழியாகப் போடும் புரோகிராம்கள் எல்லாம் வழக்கமாக ரூட்டில்தான் போய்ச் சேரும் என்பதால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். ஹோமைப் பிரித்து வைத்தால், நாளைக்கு வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்தால் போதும். பாடக்குறிப்பும் புராஜெக்ட்டும் தப்பிக்கும். ஆனால் மொத்தமே 50 ஜிபிதான் கிடைக்கிறது என்றால் பிரிக்காதீர்கள், ஒரே ரூட்டாக விடுங்கள். பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் காலியாகக் கிடக்கும்.

ரேம் பத்தாதபோது டிஸ்கில் கைகொடுக்கும் இடமான ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் இப்போது அவசியமில்லை. உபுண்டு, மின்ட் இரண்டும் ஸ்வாப் ஃபைலாக அமைத்துக்கொள்கின்றன. ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்கும் ஹைபர்னேட் வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேம் அளவுக்காவது ஸ்வாப் வைக்கட்டும்.

எம்பிஆர் என்னும் பழைய வகைப் பார்ட்டிஷன் டேபிள் உள்ள டிஸ்க் என்றால் பிரைமரி பார்ட்டிஷன் 4க்கு மேல் போடமுடியாது. விண்டோஸே அதில் மூன்று நான்கைப் பிடித்துவைத்திருக்கலாம், முதலில் எண்ணிப் பாருங்கள். புதிய வகையான ஜிபிடியில் வழக்கமாக 128 வரை இடமுண்டு.

ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். மெஷினைப் போட்டதும் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் அதில்தான் இருக்கிறது. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும். மவுன்ட் இடத்தை (லினக்ஸ் அதை எந்த ஃபோல்டராகப் பார்க்க வேண்டும் என்பதை) மட்டும் காட்டிவிட்டு, ஃபார்மட் கட்டத்தில் டிக் இல்லை என்பதைப் பார்த்த பிறகே இன்ஸ்டால் பட்டனை அழுத்துங்கள்.