துணியில் நிற்காத பொடிப்புள்ளி

பனியனில் அடிக்கும் படம் பழசாகி, வெடித்து, அங்கங்கே பெயர்ந்த மாதிரி வேண்டும் என்று கேட்காத பையர் (சரக்கு வாங்குபவர்) இப்போது அபூர்வம். திருப்பூரில் இதற்கு டிஸ்ட்ரெஸ் என்று பேர். போட்டோஷாப்பில் பொடிப்புள்ளி தூவும் 'ஆட் நாய்ஸ்' போட்டால் இரண்டே நிமிடத்தில் திரையில் பிரமாதமாக வந்துவிடும். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் ஏமாறுவது இங்கேதான். நானும் ஏமாந்திருக்கிறேன்.

சேர்ந்த புதிதில், நெஞ்சில் வரும் பெரிய எழுத்து ஒன்றை மணல் தூவியது போலப் பொடிப்பொடியாக அரித்துக் கொடுத்தேன். சாம்பிள் வந்தது. எழுத்து மொழுமொழுவென்று புத்தம் புதிதாக இருந்தது. பிரிண்டிங் மாஸ்டர் பிலிமை, அதாவது படத்தை ஸ்கிரீன் என்ற வலைச் சட்டத்துக்கு மாற்ற உதவும் கண்ணாடி போன்ற தாளை, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "தம்பி, நீங்க போட்டதெல்லாம் இதுல இருக்குதுங்க. ஸ்கிரீன் கழுவறப்ப தண்ணியோட போயிருச்சு."

விஷயம் இதுதான். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஃபைலில் ஒரு பிக்சல் என்பது 0.085 மில்லிமீட்டர். எழுத்துக்குள் மை விழாமல் இருக்க வேண்டிய ஒவ்வொரு புள்ளியும், ஸ்கிரீனின் வலைநூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு துளி எமல்ஷன், அதாவது மை புகாமல் அடைக்கும் பூச்சு. நூலுக்கு நூல் உள்ள இடைவெளியைவிட அது சின்னதாக இருந்தால் பிடிக்க இடமில்லை, உதிர்ந்துவிடும். தப்பித்தவறி நின்றாலும் பனியன் துணியில் மை பரவி அந்த ஓட்டையை மூடிவிடும். அதனால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே எந்தப் புள்ளியையும் நான் விடுவதில்லை. பிக்சல் கணக்கில் ஆறு.

நாய்ஸுக்கு இன்னொரு குறையும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். நிஜத்தில் எதுவும் அப்படித் தேயாது. காங்கேயம் பக்கத்தில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக் கட்டுத்தரைச் சுவரில், மாடு உரசுகிற உயரத்தில் மட்டும் சுண்ணாம்பு வழித்தெடுத்தது போலப் போயிருக்கும். அதற்கு மேலே செதில் செதிலாக எழும்பி நிற்கும். என் வேலையில் பாதி அந்தச் சுவர்தான். கிழக்குப் பார்த்த சுவர் என்பதால் காலை வெயில் நேராக அடித்து எல்லாம் சப்பையாகத் தெரியும். 11.30 மணிவாக்கில் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான் செதிலுக்குச் செதில் நிழல் விழும். அப்போது அதைப் படம் எடுக்கச் செல்போன் கேமராவே போதும்.

படத்தைக் கிரேஸ்கேல் ஆக்கி, லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் விரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'காசியன் பிளர்' 3 பிக்சல், அதன்மேல் 'திரெஷோல்ட்'. இந்த வரிசை மாறக் கூடாது. பிளர் பொடிசுகளைக் கரைத்துவிடும், திரெஷோல்ட் மிச்சத்தைக் கறாராகக் கறுப்பு வெள்ளையாக வெட்டும். மாற்றிச் செய்தால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஸ்கிரீனுக்குச் சாம்பல் தெரியாது; மை விழும், இல்லையென்றால் விழாது. டிடிஎஃப் (பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) வேலைக்கும் இதே கறார் ஓரம் நல்லது. அரைகுறையாக ஒளி புகும் இடங்களில் அடியில் போடும் வெள்ளை மை எட்டிப் பார்க்கும்.

வந்ததை எழுத்தின்மேல் லேயர் மாஸ்க்காக (மறைப்பாக மட்டும்) போடுங்கள், எழுத்தையே அழிக்காதீர்கள். "கொஞ்சம் குறைச்சுக்கலாமா" என்று பையர் கேட்கத்தான் போகிறார். 'டெக்ஸ்சரைசர்' ஃபில்டரில் கான்வாஸ், சாக்குத்துணி எல்லாம் கிடைக்கும். துணிமேல் துணி மாதிரி அடிப்பது எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஃபைலை அனுப்பும் முன் நிஜ அளவில் ஒரு பேப்பர் பிரிண்ட் எடுத்து, நாலடி தள்ளி நின்று பார்த்துவிடுங்கள். நான் இதைத் தவறாமல் செய்கிறேன். ஆனாலும் அந்த மாஸ்டர் என் பிலிமை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கிரீன் போடுகிறார்.