மஞ்சள்தானே என்று விழுங்குவதற்கு முன்

மூலிகைகளிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பொருட்களை, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகளை அடக்கும் பொருட்களை, பிரித்தெடுப்பது என் வேலை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அடங்கிய கேப்சூல் டப்பாவை எடுத்துக் காட்டினார். "தினம் ரெண்டு போடறேன். மஞ்சள்தானேப்பா?"

மஞ்சள் தூளை எத்தனாலில் சூடாக்கி வடித்து, எத்தனாலை ஆவியாக்கினால் பிசுபிசுவென்று ஒரு சாறு மிஞ்சும். சிலிக்கா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் மேல் அதை ஏற்றி, குளோரோஃபார்மோடு துளி மெத்தனால் கலந்து சொட்டுச் சொட்டாக இறக்கினால், மூன்று மஞ்சள் பட்டைகள் பிரிந்து வரும். முதலில் இறங்குவது குர்குமின். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அப்புறம் குர்குமினின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலுக்கான சோதனை. டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் அதை விட்டால் ஊதா மறைந்துவிடும். விளம்பரங்கள் பேசும் 'ஆற்றல்' பல நேரம் இந்த நிறமாற்றம்தான். வைட்டமின் சி-யும் இதையே செய்யும். சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. உடம்புக்குள் போன குர்குமினில் ரத்தத்தில் சேர்வதே சொற்பம். அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும். குர்குமின் அவ்வளவு நிலையான பொருளும் இல்லை. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவக்கிறதே, அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் குர்குமின் வேகமாகச் சிதையவும் செய்கிறது.

இதைச் சமாளிக்கத்தான் பல கேப்சூல்களில் மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில், 20 மி.கி. பைப்பரின் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் சேர்வது சுமார் 20 மடங்கு கூடியது. சிக்கலும் அங்கேதான். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது. கூடவே சாப்பிடும் வேறு மாத்திரைகளும் ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கக்கூடும்.

அளவையும் பாருங்கள். குழம்பில் போடும் ஒன்றரை கிராம் மஞ்சளில் குர்குமின் 75 மி.கி.-ஐத் தாண்டாது, அதுவும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. 95 சதவீதம் குர்குமின் உள்ள சாறு கொண்ட 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் 475 மி.கி. இத்தாலியில் 2019-இல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. அரிதுதான். ஆனால் சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

"சரி பெரியப்பா, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றேன். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். டப்பாவை வாங்கி மூடினேன். "டாக்டரைக் கேட்காம இனி ஒண்ணுகூடப் போடாதீங்க. ரசத்துல வழக்கம்போல மஞ்சள் போட்டுக்கங்க."