வருஷா வருஷம் அதே இடத்தில் அக்கி வராது

போன வாரமும் என் தோல் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். இடது விலாவில் பட்டையாகக் கொப்புளம், அதன் மேல் காய்ந்துபோன காவி. மூன்று கோடையாக அதே இடத்தில் வருகிறதாம், மூன்று தடவையும் அக்கி எழுதிக்கொண்டாராம்.

அக்கி அப்படி வராதுங்க. சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கிக் கிடந்து, பல வருஷம் கழித்து அந்த நரம்பின் பாதையிலேயே கிளம்புவதுதான் அக்கி. முதலில் வலி, அப்புறம் கொப்புளம், சில வாரங்களில் பொருக்குத் தட்டிவிடும்; எழுதினாலும் காயும், எழுதாவிட்டாலும் காயும். பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒரே முறைதான். வேர்க்கும்போதெல்லாம் அதே பட்டையில் திரும்பத் திரும்ப வந்தால் அது அக்கியா என்றே சந்தேகப்பட வேண்டும்.

இவருக்கு இருந்தது ஹெய்லி-ஹெய்லி நோய். 1939-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஹெய்லி சகோதரர்கள் இருவர் விவரித்த பரம்பரைத் தோல் நோய். ஏடிபி2சி1 மரபணுவில் கோளாறு. வழக்கமாகக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் வரும். பட்டையாக மட்டும் வருவது அபூர்வம், அதனால்தான் எங்கள் ஆட்களே சில சமயம் கோட்டை விடுகிறார்கள். சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இடிந்த செங்கல் சுவர் மாதிரி செல்கள் பிரிந்து நிற்கும்.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே டாக்டர்?" இல்லாமல் இருக்கலாம். கரு உருவான பிறகு ஒரு செல்லில் மட்டும் பிழை நேர்ந்தால், அந்தச் செல்லின் வாரிசுகள் பரவிய பட்டையில் மட்டும் நோய் வரும். பட்டையாக வருவதில் இது முதல் வகை. பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் விந்தணு அல்லது கருமுட்டையிலும் அந்தப் பிழை இருந்தால் பிள்ளைக்கு முழு நோயாகவே வரலாம். இரண்டாம் வகையில் உடம்பு முழுக்கப் பிழை உண்டு, ஒரு பட்டையில் மட்டும் அந்த மரபணுவின் மிச்சமிருந்த நல்ல பிரதியும் கெட்டிருக்கும். அங்கே சீக்கிரமே, கடுமையாக வரும். இவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தொட்டால் ஒட்டாது, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைக்காதீர்கள். தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள், வேர்த்தால் துடைத்து உலர வையுங்கள், உரசும் பெல்ட்டும் பையின் வாரும் அந்த இடத்தில் வேண்டாம். மருந்துக்கடையில் படர்தாமரைக்குத் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தேய்க்காதீர்கள், தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டு எத்தனை நாள் என்பதை எங்களிடம் விடுங்கள். பழைய புண்ணில் திடீரென்று வலி கூடி, காய்ச்சலோடு குழிகுழியாகப் புண் வந்தால் ஹெர்பிஸ் கிருமி தொற்றியிருக்கலாம். அன்றைக்கே வாருங்கள், காவி பூசாமல்.