கொதிப்பது தண்ணீரா, பெற்றோலா?

பின்னேரம் ஆறு மணி. வெள்ளவத்தைச் சந்தையடியில் 100ஆம் இலக்க பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக முக்கி முனகிக்கொண்டு நிற்க, பழைய கார் ஒன்று ஓரமாக ஒதுங்கிவிட்டது. பொனற் திறந்திருக்கிறது. பக்கத்துக் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலுடன் யாரோ ஓடி வருகிறார். எந்தக் கார் நின்றாலும் நம்மூரில் முதல் வைத்தியம் தண்ணீர்தான். ஆனால் "ஹீற்றாகி நின்றுட்டுது" என்ற ஒரே வார்த்தைக்குள் குறைந்தது இரண்டு வியாதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் ரேடியேற்றர்த் தண்ணீர் கொதிக்கிறது. மற்றதில் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை, கொதிப்பது பெற்றோல். இரண்டுக்கும் மருந்து வேறு.

தனியார் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் கொழும்பு, இருந்த கார்களையே தைத்துத் தைத்து ஓட்டியது. மொறிஸ் மைனர், பழைய கொறோலா, நிசான் பி11 சனி எல்லாம் ஆசைக்கு வைத்திருக்கும் கார் என்ற நிலையிலிருந்து மறுபடி வேலைக்குப் போகும் கார் ஆகின. ஆகவே இந்தக் கொதிப்புக் கணக்கு பலருக்கு உதவும்.

முதலில் தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அதில் சக்கரத்தைச் சுற்றுவது நாலில் ஒரு பங்குதான். மிச்சத்தில் பாதி சைலன்சர் வழியே புகையோடு போக, மற்றப் பாதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. 1,000 சீசீ எஞ்சின் ஒன்று நின்ற இடத்தில் ஓடும்போது மணிக்கு முக்கால் லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், தண்ணீருக்குள் இறங்கும் சூடு சுமார் இரண்டரை கிலோவாற்று. வீட்டு மின்சாரக் கேத்திலும் அவ்வளவுதான். மொறிஸ் மைனரில் இருப்பது ஏறக்குறைய ஐந்தரை லீற்றர் தண்ணீர். ரேடியேற்றர் அடியோடு வேலை செய்யாவிட்டால், 85 பாகையில் இருக்கும் அந்தத் தண்ணீர் 111 பாகைக்கு ஏற ஐந்து நிமிடம்கூட ஆகாது. எஞ்சினின் வார்ப்பிரும்பும் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சுவதால் இன்னும் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டி, கொள்ளுப்பிட்டி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் கார் கொதிப்பதன் கணக்கு இதுதான்.

ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது கொதித்தால் நியாயம். சும்மா நிற்கும்போது ஏன்? ஓடும் காருக்குக் காற்று இலவசம்; முன் கிறில் வழியே தானாக வந்து ரேடியேற்றரைக் குளிர்த்துகிறது. நிற்கும் காருக்கு ஃபான் ஒன்றுதான் கதி. பழைய கார்களில் அந்த ஃபான் பெல்ற்றால் எஞ்சினோடு கட்டப்பட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றுச் சுற்றினால் ஃபானும் அதற்கேற்ற மெதுவில்தான் சுற்றும். வோட்டர் பம்பும் அப்படியே. காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஃபான் தூங்குகிறது. பி11 சனி போல எஞ்சின் குறுக்காக வைத்த கார்களில் ஃபான் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சதி செய்வது ரேடியேற்றர்த் தொட்டியில் திருகியிருக்கும் வெப்ப சுவிச்சு. அதன் வயர் இரண்டையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். ஃபான் சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிச்சுத்தான் செத்துவிட்டது.

இன்னொரு சங்கதி, ரேடியேற்றர் எவ்வளவு சூட்டைக் கழிக்கும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. ஐந்து பாகைக் குளிரில் 90 பாகைத் தண்ணீருக்கு வித்தியாசம் 85. கொழும்பின் 31 பாகையில் அது 59. முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூடும் தார் வீதியின் சூடும் சேர்ந்து கிறில் வாசலில் காற்று 45 பாகை ஆகிவிட்டால் மிஞ்சுவது 45, அதாவது குளிர்நாட்டுக் கணக்கில் பாதிதான். பின்னாளில் ஏசி பூட்டிய காராக இருந்தால் அதன் கண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் நின்று, காற்றை இன்னும் சூடாக்கி அனுப்பும். நெரிசலில் ஏசியை நிறுத்துவது கஞ்சத்தனமல்ல.

ஃபானைச் சுற்றி ஒரு தகரக் கவசம் இருந்த கார்களில் அதைக் கழற்றி மூலையில் எறிந்திருப்பார்கள், "கை போக இடமில்லை" என்று. கவசம் இல்லாத ஃபான் ரேடியேற்றருக்கு ஊடாகக் காற்றை இழுக்காது. விளிம்பைச் சுற்றி ஏற்கெனவே சூடான காற்றையே மறுபடி மறுபடி கடையும். பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையது கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் தகரத்தில் வெட்டி அடிக்கலாம். புதிய ரேடியேற்றருக்குக் காசு கொடுக்க முன் செய்ய வேண்டிய வேலை இது.

கடற்கரை ஓரம் குடியிருக்கும் கார்களுக்கு இன்னொரு பிணி. மரைன் டிரைவ் பக்கம் வருடக்கணக்காக நிறுத்திய காரின் ரேடியேற்றரை முன்பக்கம் ரோச் அடித்துப் பாருங்கள். குழாய்களுக்கு இடையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய செதில்களை விரல் நுனியால் மெல்லத் தடவினால், பச்சை பூத்த தூளாக உதிரும். உப்புக் காற்று தின்றது அது. குழாயில் ஒரு சொட்டு ஒழுக்கும் இருக்காது, ஆகவே கராஜில் "ரேடியேற்றர் நல்லம்" என்பார்கள். ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கைமாற்றுவது அந்தச் செதில்கள்தான்.

உள்ளே நடப்பது வேறு. யாழ்ப்பாணத்துக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் ஓடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர். ஊருக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் அந்த நீரை ஊற்றினால் அதே ஓடு ரேடியேற்றர்க் குழாயிலும் படியும். செம்பு கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்குகூடச் சுண்ணாம்புப் படிவு கடத்தாது. கொழும்புக் குழாய் நீர் மென்மையானது, ஓடு படியாது. ஆனால் வெறும் நீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தால் துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "இங்கே பனியா பெய்யுது, கூலன்ற் எதுக்கு?" என்று கேட்பவர்கள் மறப்பது இதைத்தான். நமக்கு உறைவதைப் பற்றிக் கவலை இல்லை, துருத்தடுப்பு மருந்து வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ற், இரண்டு பங்கு வடித்த நீர் போதும். பாதிக்குப் பாதி ஊற்றத் தேவையில்லை. கூலன்றில் இருக்கும் கிளைக்கோல் கூடக்கூடத் திரவம் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும்.

ரேடியேற்றர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பது பெரிய பிழை. அது ஒரு ஸ்பிரிங் வைத்த வால்வு. மொறிஸ் மைனர் 1000 போன்ற கார்களில் சதுர அங்குலத்துக்கு 7 றாத்தல் அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் நீர் 100இல் அல்ல, ஏறக்குறைய 111 பாகையில்தான் கொதிக்கும். பிந்திய கார்களின் 13 றாத்தல் மூடியில் 119 பாகை. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த 11 பாகைச் சலுகை முழுதும் போச்சு. அதற்காகப் பழைய ரேடியேற்றருக்கு 13 றாத்தல் மூடி போடக்கூடாது. ஈயப் பற்று விட்டுப்போகும், அல்லது ஹீற்றர் ஹோஸ் வெடிக்கும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? 111 பாகையில் நீராகவே இருந்த ஐந்தரை லீற்றரில் அழுத்தம் போன கணமே இரண்டு வீதம் ஆவியாகும். நூறு மில்லிலீற்றர்தானே? நீர் ஆவியாகும்போது 1,600 மடங்கு விரியும். 160 லீற்றர் ஆவி, மிச்சக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு, அந்தச் சிறு வாயால் முகத்துக்கு நேரே வரும். அரை மணி நேரம் பொறுங்கள். பிறகு தடித்த துணி போட்டு, முதல் வெட்டு வரை மட்டும் திருகி, சீறல் முழுதாக அடங்கிய பிறகு கழற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஐஸ் தண்ணீரைக் காய்ந்த எஞ்சினுக்குள் கொட்டினால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் வெடிப்பு விழலாம். அலுமினிய ஹெட் என்றால் வளையும்.

கொதிக்கும் முன்பே வெப்பமானி முள் ஏறுவதைக் கண்டால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டாம். கியரை எடுத்துவிட்டு, அக்சிலேற்றரை மெல்ல மிதித்து 1,500 சுற்றில் பிடியுங்கள். ஃபானும் பம்பும் இரண்டு மடங்கு வேகமாகும். இழப்பதைவிட லாபம் அதிகம். ஹீற்றர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேற்றர்தான். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. ஆவி வெளியே வந்துவிட்டால் மட்டும் இந்த வித்தை வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

தேர்மொஸ்டாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "அண்ணை, இதைக் கழட்டி எறிஞ்சுவிட்டால் சூடு பிரச்சினையே வராது" என்ற யோசனை கராஜ்களில் இலவசமாகக் கிடைக்கும். தேர்மொஸ்டாட் ஒரு மெழுகுக் குப்பி. பெரும்பாலும் 82 பாகையில் மெழுகு இளகி விரிந்து, தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வைத் தள்ளித் திறக்கும். நெரிசலில் நிற்கும்போது அது எப்படியும் முழுதாகத் திறந்தே இருக்கும். ஆகவே கழற்றியதால் நெரிசலில் பெரிய லாபம் ஏதும் இல்லை. ஆனால் காலையில் எஞ்சின் நெடுநேரம் குளிராகவே ஓடி, பெற்றோல் கூடக் குடித்து, ஒயிலில் ஈரம் சேர்த்து, சிலிண்டரைத் தேய்க்கும். சந்தேகம் இருந்தால் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். தண்ணீர் கொதிக்கும்போதும் வாய் திறக்காவிட்டால் அதை எறியலாம்.

இனிப் பெற்றோல். பெற்றோல் ஒரே திரவம் அல்ல. பல ஐதரோகாபன்களின் கலவை. அதில் மிக இலேசானவை 35, 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். நெரிசலில் பொனற்றுக்குக் கீழே அதைவிட எவ்வளவோ சூடு. போதாக்குறைக்கு, எஞ்சினில் பூட்டிய பம்ப் பெற்றோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்குகிறது. குழாயில் ஆவிக் குமிழி உண்டானால் பம்ப் திரவத்தைத் தள்ளாமல் குமிழியையே நசுக்கி நசுக்கி விடும். கார் இரண்டு தரம் விக்கி, பிறகு மூச்சை நிறுத்தும். முள் நடுவில்தான் நிற்கும், ஆவி இல்லை, மணமில்லை. இருபது நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்ராட் ஆகும். ரேடியேற்றருக்கு ஊற்றிய தண்ணீர்தான் குணமாக்கியது என்று எல்லோரும் நம்புவார்கள்.

இங்கே தண்ணீரை ரேடியேற்றருக்கு அல்ல, ஒரு துணிக்குக் கொடுங்கள். நனைத்துப் பிழிந்து பம்பின் மேலும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குப் போகும் குழாயின் மேலும் சுற்றி, தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூட்டரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தர மருந்துக்குக் காபரேற்றரின் அடியில் பாருங்கள். அந்தக் கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மனிபோல்டுக்கும் அதற்கும் இடையில் தடித்த கறுப்புக் கட்டை ஒன்று இருக்க வேண்டும். சூடு ஏறாமல் தடுக்க வைத்தது. கழற்றிப் பூட்டியவர் மறந்து மெல்லிய கஸ்கெற் மட்டும் வைத்திருப்பார். ஜப்பான் கார் என்றால் பம்பில் மூன்று வாய்கள் உள்ளனவா என்று எண்ணுங்கள். மூன்றாவது, மிச்சப் பெற்றோலையும் குமிழிகளையும் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும் வழி. பம்ப் மாற்றும்போது அதைச் செருகி அடைத்துவிட்டால் அன்றிலிருந்து ஒவ்வொரு நெரிசலும் தலைவலி. 2022 வரிசைக் காலத்தில் கானில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோலை ஊற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்திருக்கும், இலேசான பகுதி ஏற்கெனவே பறந்துபோனதால். காலையில் ஸ்ராட் ஆகாத தொல்லைதான் மிச்சம்.

சாமான் வாங்கப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தபின் ஸ்ராட் ஆகாவிட்டால் அதுவும் பெற்றோல் வேலைதான். எஞ்சின் நின்றதும் தண்ணீரும் காற்றும் நிற்பதால் சூடு மேலே ஏறி, காபரேற்றர்க் கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்கவைத்து மனிபோல்டுக்குள் வழியவிடும். சோக்கைத் தொடாதீர்கள். அக்சிலேற்றரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு பத்து விநாடி சுற்றுங்கள். மிதித்து மிதித்து விட்டால் ஜப்பான் காபரேற்றர் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சும்.

விக்காமல், சுவிச்சை அணைத்ததுபோலப் பட்டென்று நின்றால் இரண்டும் அல்ல. சூட்டில் மயங்கும் இக்னிஷன் கொயிலையோ, ஏசியினது அல்லாத இக்னிஷன் கண்டென்சரையோ சந்தேகியுங்கள். கண்டென்சர் சின்னது, ஒன்றைக் கைவசம் வைத்திருக்கலாம்.

கடைசியாக, முள்ளையும் முழுதாக நம்பவேண்டாம். தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால் உணரி ஆவிக்குள் தொங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்க முள் கீழே இறங்கும். மொறிஸ் மைனரில் அந்த முள்ளே கிடையாது, அங்கே மூக்குத்தான் மானி. ஆனால் அங்கே காதுக்கும் வேலை உண்டு. போயா நாள் விடியலில், காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கையில் சாவியைத் திருப்பிவிட்டு ஸ்ராட் பண்ணாமல் கேளுங்கள். டாஷ்போர்டுக்கு அப்பால் மின்சாரப் பெற்றோல் பம்ப் டக், டக், டக் என்று சில தரம் அடித்து, கிண்ணம் நிரம்பியதும் வேகம் குறைந்து அடங்கும். அடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை.