சோடா விளம்பரத்தில் சோடா எங்கே?

"சினிமாவுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத வேகத்தில் கோலா படத்தைக் காட்டி நம்மை வாங்க வைக்கிறார்களாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் சரக்கு இது. 1957இல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் கிளப்பிவிட்டது. நியூஜெர்சி தியேட்டர் ஒன்றில் 'பாப்கார்ன் சாப்பிடு', 'கோலா குடி' என்ற வரிகளை நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாராம், கோலா விற்பனை 18.1 சதவீதம் ஏறியதாம். தசமப் புள்ளி போட்டுச் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்? கடைசியில் 1962இல், தன்னிடம் உருப்படியான தரவு எதுவும் இருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

விளம்பரக்காரர்களுக்கு ஒளித்துவைக்கும் வேலையே தேவையில்லை. திரும்பத் திரும்பக் காட்டினால் போதும்.

இதைச் சோதித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகா ஒருவரும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர் நாளிதழ்களில் விளம்பரம் மாதிரி ஒரு பெட்டி போட்டார்கள். உள்ளே 'கதிர்கா', 'நன்சோமா' என்பது போல, படிக்கிறவர்களுக்கு ஒன்றுமே புரியாத ஒரு சொல். விளக்கம் கிடையாது. ஒரு சொல் ஒரே ஒருமுறை வந்தது, இன்னொன்று 25 முறை. அப்புறம் 'இந்தச் சொல் நல்லதைக் குறிக்கிறதா, கெட்டதையா?' என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அதிகம் கண்ணில் பட்ட சொல்லுக்கே நல்ல பெயர்! ஒருவேளை அந்தச் சொல்லின் ஓசை இனிமையாக இருந்ததோ? அதற்கும் வழி செய்திருந்தார்கள். இந்த வளாகத்தில் அதிகம் வந்த சொல் அந்த வளாகத்தில் அபூர்வமாகத்தான் வந்தது. விருப்பமும் அப்படியே தலைகீழானது. 1969இல் வெளியான ஆய்வு இது.

ஏன் இப்படி? உளவியலாளர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது. முன்பே பார்த்ததை மூளை சிரமமில்லாமல் படித்துவிடுகிறது. அந்தச் சுலபம் எங்கிருந்து வந்தது என்று அது விசாரிப்பதில்லை, 'பிடித்திருக்கிறது' என்று கணக்கெழுதிவிடுகிறது. தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கும் முகம் பேசாமலேயே வேண்டியவர் முகமாகிவிடுவது போல.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இந்தியத் தொலைக்காட்சியில் மதுவுக்கும் புகையிலைக்கும் நேரடியாக விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் மது, புகையிலை பிராண்டின் பெயரிலேயே சோடா, ஏலக்காய், இசை சிடி என்று ஏதாவது வரும். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். படகு, பார்ட்டி, நண்பர்கள், கடைசியில் பெரிய எழுத்தில் பெயர். சோடா எத்தனை நொடி தெரிந்தது? என்ன விலை, எந்தக் கடையில் கிடைக்கும்? ஒன்றும் இருக்காது. சோடாவை விற்க வந்தவர் சோடாவைக் காட்டாமல் போனால், விற்பது வேறு ஏதோ என்று பொருள்.

2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய மறைமுக விளம்பரங்களைத் தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல காரியம்தான். பொருளை மட்டுமல்ல, பிராண்டின் பெயரையும் நிறத்தையும்கூட அது கணக்கில் எடுக்கிறது. ஆனால் விதி மட்டும் எனக்குப் போதாது. பெயரும் நிறமும் எழுத்து வடிவமும்தானே மூளையில் பதிகின்றன? எது எவ்வளவு பதிகிறது என்று விளம்பர நிறுவனங்கள் தங்கள் காசில் அளந்துகொள்கின்றன, முடிவை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கில்லை. அந்த அளவை நம் பல்கலைக்கழகங்கள் எடுக்க அரசு பணம் ஒதுக்கட்டும், மதுவில் வரும் வரியிலிருந்தே கொடுக்கலாம்.