பந்தின் வேகத்தைத் தின்னும் சிவப்புத் தரை

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் பீட் சாம்ப்ராஸ் வென்ற ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 14. ரஃபேல் நடால், அவற்றில் ஒன்றான, பாரிசில் களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓபனை மட்டுமே 14 முறை வென்றிருக்கிறார். விம்பிள்டன் புல்தரையில் 7 முறை கோப்பையைத் தூக்கிய சாம்ப்ராஸ், பாரிசில் ஒருமுறைகூட இறுதிப்போட்டிக்கு வந்ததில்லை. 1996இல் அரையிறுதி வரை வந்ததுதான் அவர் எட்டிய உயரம். போரிஸ் பெக்கரின் கதை இன்னும் கடுமை. ஆறு கிராண்ட் ஸ்லாம் வென்றவர், களிமண் தரையில் ஒரு ஒற்றையர் பட்டம்கூட இல்லாமலேயே ஓய்வு பெற்றார். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களையே தடுத்து நிறுத்திய அந்தத் தரையில் அப்படி என்னதான் இருக்கிறது?

பெயர்தான் களிமண், மேலே இருப்பது பொடியாக்கிய செங்கல். அதுவும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான். அதற்குக் கீழே சில சென்டிமீட்டருக்கு நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதன் கீழே நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு, பிறகு சரளை, அடியில் பெரிய கற்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் சிவப்பு வெறும் மேற்பூச்சு. உண்மையான ஆடுகளம் அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்குதான். நுண்துளைகள் நிறைந்த அந்த அடுக்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற, அந்த ஈரம் நுண்துளைகள் வழியே மெல்ல மேலேறி செங்கல் பொடியைப் பிடித்து வைக்கும். ஈரம் வற்றினால் பொடி காற்றோடு போய்விடும், கீழே உள்ள அடுக்கு வெடிக்கத் தொடங்கும். ஈரம் மிஞ்சினால் தரை சேறாகிவிடும். அதனால்தான் பராமரிப்பாளர்கள் நாள்தோறும் தண்ணீர் தெளிக்கிறார்கள், செட் முடிந்ததும் தரைமேல் ஒரு வலையை இழுத்துப் பொடியைச் சமன் செய்கிறார்கள். இந்தப் போட்டியின் உண்மையான பொறியியல் இவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி பந்து. அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தரை பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது, உராய்வு பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. களிமண் தரையில் இந்த இரண்டுமே அதிகம். கீழ்நோக்கி வந்த வேகத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்தைக் களிமண் திருப்பித் தருகிறது, புல்தரை தருவது சுமார் 75 சதவீதம். உராய்வு எவ்வளவு என்று சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு களிமண்ணில் 0.8 அளவில் இருக்கும், புல்லில் 0.6 அளவில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சுழற்சி இல்லாத ஒரு பந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் முன்னோக்கியும், 20 கி.மீ. வேகத்தில் கீழ்நோக்கியும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன எண்களின்படி புல்தரையில் பட்டு எழும்போது அதன் முன்வேகம் 79 ஆக இருக்கும், களிமண்ணில் 70தான். மேலெழும் வேகமோ புல்லில் 15, களிமண்ணில் 17. ஆக, களிமண்ணில் பந்து மெதுவாகவும் வருகிறது, உயரமாகவும் எழுகிறது. சாம்ப்ராஸின் செர்வை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியை, எட்ட முடியாமல் விம்பிள்டனில் தவித்த அதே எதிராளிக்கு, பாரிசில் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைக்க நேரம் கிடைத்துவிடுகிறது. செர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடும் ஆட்டம் இங்கே எடுபடாமல் போவது இதனால்தான்.

இந்தத் துள்ளலை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் நடால். அவருடைய ஃபோர்ஹேண்ட் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுற்று சுழன்றதாக அதிவேகக் கேமராப் பதிவுகள் காட்டின. முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். வலைக்கு மேலே தாராளமாக இடைவெளி விட்டுப் பறக்கும் பந்துகூட சட்டென்று இறங்கி, கோட்டுக்குள்ளேயே விழும். செங்குத்தாக விழுவதால் இன்னும் உயரமாக எழும். இடது கையால் நடால் அடிக்கும் அந்தப் பந்து, ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடும் ஃபெடரரின் தோள் உயரத்துக்கு வந்து நின்றதைப் பாரிசில் எத்தனையோ முறை பார்த்தோம். 2009இல் நடாலை அங்கே முதன்முதலாகத் தோற்கடித்த ராபின் சோடர்லிங் 193 செ.மீ. உயரம்! மற்றவர்களுக்குத் தோளில் வரும் பந்து அவருக்கு வாகான உயரத்தில் வந்தது, அதை நேராக, பலமாக அறைந்தார். பாரிசில் நடால் ஆடிய 116 ஆட்டங்களில் தோல்வி நான்கே நான்கு.

பந்தைப் பிடித்து இழுக்கும் இதே தரை, காலணியை மட்டும் வழுக்கிவிடுவது எப்படி? மேலோட்டமாகப் பார்த்தால் முரண்தான். ரோமம் போர்த்திய பந்து மென்மையானது. தரையில் படும்போது நசுங்கி, பொடியை உழுதுகொண்டு போகிறது. உழுத பொடி பந்துக்கு முன்னால் சிறு மேடாகக் குவிந்து அதைத் தடுக்கிறது. ஆட்டக்காரரின் பாதம் வந்து இறங்கும்போது கதை வேறு. கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்குக்கும் காலணியின் அடிப்பாகத்துக்கும் நடுவே சிக்கிய செங்கல் துகள்கள், சைக்கிள் சக்கரத்து பேரிங் குண்டுகள் மாதிரி உருண்டு கொடுக்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தை அடிப்பதற்கு முன்பே சறுக்கத் தொடங்கி, அடிக்கும் கணத்தில் நின்றுவிடுவார்கள். அடித்த பிறகு சறுக்கினால், திரும்பி ஓட வேண்டிய நேரம் வீணாகிவிடும்.

இந்தத் தரை பிறந்த கதை பிரான்சின் தென்கடற்கரையோரக் கான் நகரத்தைச் சேர்ந்தது. 1880 வாக்கில் அங்கே டென்னிஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களான ரென்ஷா சகோதரர்கள், வெயிலில் கருகும் புல்லைக் காப்பாற்ற உடைந்த சுடுமண் பாண்டங்களைப் பொடித்துத் தூவினார்கள் என்று சொல்லப்படுகிறது. பிரெஞ்சு ஓபனின் முன்னோடியான பிரெஞ்சு சாம்பியன்ஷிப் 1891இல் தொடங்கியது, ஆனால் பிரெஞ்சு கிளப்களின் உறுப்பினர்கள் மட்டுமே ஆட முடியும். பெண்களுக்கான ஒற்றையர் 1897இல் வந்தது. 1912 முதல் பாரிசை ஒட்டிய செயின்ட் கிளவுடில் நடந்த உலகக் கடினத்தரைச் சாம்பியன்ஷிப்தான், பெயரில் கடினத்தரை இருந்தாலும், களிமண்ணில் பல நாட்டவரையும் ஈர்த்த பெரிய போட்டி. அது நின்றபின், 1925இல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப் வெளிநாட்டவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இரண்டே ஆண்டில் ரெனே லக்கோஸ்ட், ஆன்ரி கொஷே, ஜான் பொரோத்ரா, ஜாக் புருஞோன் ஆகிய நால்வர் அமெரிக்காவுக்கே போய், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையை வென்று வந்தார்கள். மறு ஆண்டு சொந்த மண்ணில் அதைக் காக்க ஒரு பெரிய மைதானம் தேவைப்பட்டது. 1928இல் எழுந்த அந்த மைதானத்துக்கு, 1913இல் மத்தியதரைக் கடலை நிற்காமல் விமானத்தில் கடந்த ரோலான் காரோஸின் பெயர் சூட்டப்பட்டது. அவர் முதல் உலகப்போரில் உயிரிழந்த விமானி. 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த முதல் கிராண்ட் ஸ்லாம் இங்கேதான் நடந்தது. வேலைநிறுத்தங்களால் பாரிஸ் ஸ்தம்பித்திருந்த அந்த மே மாதத்தில் தொடங்கிய போட்டியில் கென் ரோஸ்வாலும் நான்சி ரிச்சியும் வென்றார்கள்.

களிமண்ணுக்கே உரிய இன்னொரு அழகு, பந்து விட்டுச் செல்லும் தடம். கோட்டில் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்க்கிறார். தடம் நீள்வட்டமாக இருக்கும், பந்து போன திசையில் பொடி ஒதுங்கியிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே சிவப்பு தெரிந்தால் பந்து வெளியே. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபியின் போட்டிகள் 2025இல் களிமண்ணிலும் மின்னணுத் தீர்ப்புக்கு மாறின, ஆனால் அந்த ஆண்டும் பிரெஞ்சு ஓபன் மனிதக் கண்ணையே நம்பியது. பொடியின் கனம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கேமரா கணிக்கும் புள்ளியும் தரையில் தெரியும் தடமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கண்ணெதிரே தடம் கிடக்கும்போது திரையைக் காட்டி ஆட்டக்காரரைச் சமாதானப்படுத்துவது சிரமம்.

தரையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை மாட்ரிட் 2012இல் காட்டியது. தொலைக்காட்சியில் மஞ்சள் பந்து எடுப்பாகத் தெரியட்டும் என்று அங்கே பொடிக்கு நீல நிறம் ஏற்றினார்கள். தரை அளவுக்கு மீறி வழுக்கியது. இனி இங்கே வரமாட்டோம் என்று நடாலும் ஜோகோவிச்சும் எச்சரித்தார்கள். ஃபெடரர் வென்ற அந்த ஒரே பதிப்போடு நீலக் களிமண்ணுக்குத் தடை விழுந்தது.

வானிலையும் ஆட்டத்தில் பங்கெடுக்கிறது. வெயில் காயும் நாளில் பந்துக்குள் காற்றழுத்தம் கூடும், தரை உலரும், பந்து துள்ளிப் பறக்கும். குளிரிலும் ஈரத்திலும் பந்தின் ரோமத்தில் பொடி ஒட்டி எடை கூடும், துள்ளல் குறையும். கொரோனாவால் 2020ஆம் ஆண்டுப் போட்டி அக்டோபர் குளிருக்குத் தள்ளிப்போனபோது, உயரத் துள்ளலை நம்பும் நடாலுக்கு இம்முறை கஷ்டம் என்றே பலரும் கணித்தார்கள். புதிதாகப் போட்ட கூரை மூடியிருக்க, இறுதிப்போட்டியில் அவர் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். அந்த ஆண்டு பாரிசில் அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை.